பழைய மஸ்டாங்குக்கு வலுவான பின் ஆக்சில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1965 முதல் 1970 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்கில் இன்ஜினை மாற்றிப் பவரைக் கூட்டியவர்களுக்கு அடுத்து வரும் கவலை பின் ஆக்சில்தான். அமெரிக்காவில் இதற்கு அதிகம் பேர் தேடிப்போவது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 இன்ச் ஆக்சிலை. அந்த மாற்றத்தைப் பற்றி திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. ஆக்சிலைத் தூக்கி வண்டிக்கு அடியில் வைப்பது இதில் சின்ன வேலை. அளவு எடுப்பதும், வெல்டிங்கும், பிரேக்கும்தான் பெரிய வேலை. அதனால் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கம்பெனி கொடுத்த ஆக்சிலுக்கு என்ன குறை?

அந்த இன்ஜினுக்கு அந்த ஆக்சில் சரிதான். ஃபோர்டே இன்ஜினைப் பார்த்துத்தான் ஆக்சில் போட்டது. 120 குதிரைத்திறன் கொண்ட 200 கன இன்ச் ஆறு சிலிண்டர் வண்டிக்கு 7.25 இன்ச் ஆக்சில், வீலுக்கு நான்கு போல்ட். வி8 வண்டிக்கு 8 இன்ச், ஐந்து போல்ட். 271 குதிரைத்திறன் கொண்ட 289 ஹை-பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினுக்கு 9 இன்ச். 7.25, 8, 9 என்ற இந்த இன்ச் எண்கள் எல்லாம், ஆக்சிலுக்குள் வீல்களைச் சுற்றவைக்கும் பெரிய பல் சக்கரமான கிரவுன் வீலின் விட்டம்.

சிக்கல் நாம் செய்யும் மாற்றத்தில் வருகிறது. ஆறு சிலிண்டர் வண்டியை வாங்கி, அதில் 1980களின் 5.0 லிட்டர் வி8-ஐயும் டி5 ஐந்து கியர் பாக்ஸையும் ஏற்றுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் தருவது 300 பவுண்ட்-அடி டார்க் (முறுக்கு விசை). ஃபர்ஸ்ட் கியர் 3.35, ஆக்சில் ரேஷியோ (வீல் ஒரு சுற்றுச் சுற்ற, கியர் பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்ற கணக்கு) 3.55. மூன்றையும் பெருக்கினால் ஆக்சில் ஷாஃப்டுகளுக்குப் போவது ஏறக்குறைய 3,570 பவுண்ட்-அடி. 7.25 இன்ச் ஆக்சிலின் பல்லும் ஷாஃப்டும் இந்தச் சுமையை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. அது உடையுமா என்று கேட்கவே வேண்டாம், என்றைக்கு உடையும் என்பதுதான் கேள்வி.

என் வண்டியில் 8 இன்ச் ஆக்சில் இருக்கிறது. மாற்றியே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இதை வெளிப்படையாகச் சொல்பவர்கள் குறைவு என்பதால் அழுத்தியே சொல்கிறேன். 289 அல்லது 302 இன்ஜின் ஏறக்குறைய பழைய பவரில் இருந்து, ஆட்டோமேட்டிக் கியரும் சாதாரண ரோடு டயரும் போட்டிருந்தால், நல்ல நிலையில் உள்ள 8 இன்ச் ஆக்சில் காலத்துக்கும் ஓடும். பேரிங்கும் சீலும் மாற்றி, நல்ல எண்ணெய் ஊற்றினால் போதும்.

ஆக்சிலின் மேல் விழும் அடியை முடிவு செய்வது இன்ஜின் மட்டுமல்ல, டயரும்தான். டயர் வழுக்கிச் சுற்றினால் அடியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் அகலமான டயர் போட்டு, கிளட்ச்சைப் படீரென்று விட்டால் முழு அடியும் ஷாஃப்டிலும் பல்லிலும் இறங்கும். 347 கன இன்ச்சாகப் பெரிதாக்கிய ஸ்ட்ரோக்கர் இன்ஜின், பிடிக்கிற டயர், மேனுவல் கியர் மூன்றும் ஒரே வண்டியில் சேர்ந்துவிட்டால் மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது.

கியர் போடும்போது 'டொக்' என்று சத்தம் வருவதை மட்டும் வைத்து ஆக்சிலைக் குற்றம் சொல்லாதீர்கள். யூனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்திருந்தாலும், லீஃப் ஸ்பிரிங் புஷ் போயிருந்தாலும் அதே சத்தம்தான் வரும். முதலில் அவற்றைப் பாருங்கள், செலவு பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

9 இன்ச்தானே எல்லாவற்றிலும் வலுவானது? அதையே போடலாமே?

வலுவில் 9 இன்ச்தான் முன்னால் நிற்கிறது, மறுப்பில்லை. கிரவுன் வீலைச் சுற்றும் சின்னப் பல் சக்கரமான பினியனின் முன்பக்கம் மட்டுமல்லாமல் பின்நுனியையும் ஒரு பேரிங் தாங்குகிறது. டிஃபரன்ஷியலை (பவரை இரண்டு வீலுக்கும் பிரித்துக் கொடுக்கும் நடுப்பகுதி) முன்பக்கமாக அப்படியே கழற்றி எடுத்து, மேஜையில் வைத்து வேலை பார்க்கலாம். மஸ்டாங்கிலிருந்து ஷெல்பி நிறுவனம் செய்த 1965 ஷெல்பி ஜிடி350-க்கு 9 இன்ச் ஆக்சிலையும், இரண்டு வீலையும் ஒன்றாகப் பூட்டும் டெட்ராய்ட் லாக்கரையும்தான் போட்டார்கள். மஸ்டாங்கை அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் பி-புரொடக்‌ஷன் பந்தயத்துக்குத் தயார் செய்தபோது ஷெல்பியின் ஆட்கள் ஆக்சிலில் சமரசம் செய்யவில்லை.

அந்த வலுவுக்கு ஒரு விலை உண்டு. 9 இன்ச்சில் பினியன், கிரவுன் வீலின் நடுக்கோட்டிலிருந்து 2.38 இன்ச் கீழே இறங்கி நிற்கிறது. 8.8-ல் இந்த இறக்கம் 1.5 இன்ச். இறக்கம் கூடக் கூடப் பல்லோடு பல் உரசி வழுக்குவதும் கூடும். அந்த உரசலில் பவரும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். காசு வேறு. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டில் 9 இன்ச் கிடைப்பது அரிதாகிவிட்டது. புதிதாகச் செய்து வாங்கினால் எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலைப் போலப் பல மடங்கு.

டிராக் ரேஸ்தான் வாழ்க்கை என்றால் 9 இன்ச் வாங்குங்கள். ரோட்டில் ஓட்டி, எப்போதாவது டிராக்குக்கும் போகிற வண்டிக்கு 8.8 தாராளம். 1986-லிருந்து வி8 மஸ்டாங்குக்கே ஃபோர்டு 8.8-ஐத்தான் போட்டது.

எந்த வருட எக்ஸ்ப்ளோரரைத் தேட வேண்டும்?

1991 முதல் 2001 வரையிலான எக்ஸ்ப்ளோரரில் லீஃப் ஸ்பிரிங் மேல் உட்காரும் 8.8 ஆக்சில் இருக்கும். 2002-ல் பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் ஆகிவிட்டது, அது நமக்கு உதவாது. 1995-லிருந்து பின்னால் டிஸ்க் பிரேக் வந்தது. ஆகவே 1995 – 2001 வண்டியைத் தேடுங்கள். அதே காலத்து மஸ்டாங் ஜிடியின் 8.8-ல் ஷாஃப்டுக்கு 28 ஸ்பிளைன் (நுனியில் உள்ள பல் வரி), எக்ஸ்ப்ளோரரில் 31. ஷாஃப்ட் அந்த அளவுக்குத் தடிமன். வீல் போல்ட் வட்டமும் ஐந்துக்கு 4.5 இன்ச், வி8 மஸ்டாங்கில் இருக்கும் அதே அளவு. இந்த இரண்டும் ஒன்றாக அமைந்ததால்தான் இத்தனை பேர் இந்த ஆக்சிலைத் தேடுகிறார்கள்.

யார்டுக்குப் போனால் டிஃபரன்ஷியல் கவர் போல்ட் ஒன்றில் சின்னத் தகடு தொங்குகிறதா என்று பாருங்கள். துரு மூடியிருக்கும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் எழுத்து தெரியும். அதில் '3எல்73' என்று இருந்தால் ரேஷியோ 3.73, நடுவில் இருக்கும் 'எல்', ஒரு வீல் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப்பைக் குறிக்கிறது. வெறும் '3 73' என்றால் சாதாரண ஓபன் டிஃபரன்ஷியல்.

தகடு இல்லையென்றால் கையால் கண்டுபிடிக்கலாம். இரண்டு பின் வீலையும் தரையிலிருந்து தூக்கி, நியூட்ரலில் வையுங்கள். பினியன் ஃபிளாஞ்சில் ஒரு சாக்பீஸ் கோடு, டயரில் ஒரு கோடு. லிமிடெட் ஸ்லிப்பாக இருந்தால் இரண்டு வீலும் ஒரே பக்கம் சுற்றும். அப்போது வீல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள் பினியன் எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணினால் அதுதான் ரேஷியோ. மூன்றரைக்குக் கொஞ்சம் மேல் என்றால் 3.55, மூன்றே முக்காலைத் தொட்டால் 3.73. ஒரு வீலைச் சுற்றும்போது மறுவீல் எதிர்ப்பக்கம் சுற்றினால் ஓபன், அல்லது உள்ளே கிளட்ச் முழுக்கத் தேய்ந்த லிமிடெட் ஸ்லிப்.

கவரைத் திறக்க விட்டால் திறந்து பாருங்கள். பல்லின் ஓரத்தில் சிதறல், எண்ணெயில் பளபளக்கும் இரும்புத் துகள், ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தில் குழி, இவற்றில் எது இருந்தாலும் அதை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போங்கள்.

அகலம் பொருந்துமா? வெட்ட வேண்டுமா?

எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலின் அகலம் ஒரு வீல் முகத்திலிருந்து மறு வீல் முகம் வரை 59.5 இன்ச். 1967 – 70 மஸ்டாங்கின் ஆக்சில் சுமார் 59.25 இன்ச். பக்கத்துக்கு எட்டில் ஒரு இன்ச்தான் வித்தியாசம் என்பதால் அந்த வண்டிகளில் வெட்டாமலே போடலாம்.

1965 – 66 வண்டியில் ஆக்சில் சுமார் 57.25 இன்ச்தான். எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலை அப்படியே போட்டால் பக்கத்துக்கு ஒரு இன்ச்சுக்கு மேல் வெளியே தள்ளும், டயர் ஃபெண்டர் விளிம்பில் உரசும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். அதனால் இடப்பக்க ட்யூப் சுமார் 3 இன்ச் நீளம் கூடுதல். அந்த இடப்பக்க ட்யூபை வெட்டிச் சுருக்கி, இன்னொரு எக்ஸ்ப்ளோரரின் வலப்பக்க ஷாஃப்டை இடப்பக்கத்தில் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். அகலம் 56.5 இன்ச்சுக்குப் பக்கத்தில் வரும், டிஃபரன்ஷியலும் நடுவுக்கு வந்துவிடும். புதிதாக ஷாஃப்ட் கடைந்து வாங்க வேண்டியதில்லை.

ட்யூப் வெட்டும் வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். பேரிங் உட்காரும் இரண்டு முனைகளும் டிஃபரன்ஷியலோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அதற்கு ஹவுசிங் (ஆக்சிலின் கூடு) முழுவதும் ஊடுருவிப் போகும் நேரான கம்பியும், சரியான அளவில் கடைந்த வளையங்களும் வேண்டும். அவை உள்ள பட்டறையில் கொடுங்கள். கோணம் இம்மி விலகினாலும் சீல் கசியும், பேரிங் சீக்கிரம் போகும்.

வெட்டாமல் போடுகிற 1967 – 70 வண்டிகளில் புரொப்பல்லர் ஷாஃப்ட் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஓடும். ஓட்டத்துக்கு அது கெடுதல் இல்லை. வண்டியை ரொம்பத் தாழ்த்தியிருந்தால் தரைத் தகட்டின் நடுவில் இருக்கும் டன்னலில் இடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஸ்பிரிங் சீட்டை எங்கே, எந்தக் கோணத்தில் வெல்ட் செய்வது?

இந்த மாற்றம் நன்றாக அமைவதும் கெடுவதும் இங்கேதான். எக்ஸ்ப்ளோரரின் ஸ்பிரிங் சீட், ஷாக் பிராக்கெட் எல்லாவற்றையும் வெட்டி, ட்யூபை வழுவழுப்பாகத் தேயுங்கள். புது சீட் 3.25 இன்ச் ட்யூபுக்கு ஏற்றதாக வாங்க வேண்டும். 8 இன்ச் ஆக்சிலின் ட்யூப் இதைவிடச் சிறியது என்பதால் பழைய யூ-போல்ட்டும் கீழ்த் தகடும் சேராது, அவற்றையும் பெரிய அளவில் வாங்குங்கள்.

இரண்டு ஸ்பிரிங்குக்கும் நடுவில் எத்தனை இன்ச் என்பதை உங்கள் வண்டியிலேயே அளந்து எடுங்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய வண்டி இது. எங்கோ ஒரு தடவை பின்னால் இடிபட்டு, நிமிர்த்தப்பட்டிருக்கலாம். புத்தகத்தில் உள்ள எண் உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று நிச்சயம் கிடையாது.

சீட்டை வெல்ட் செய்யாமல் ஸ்பிரிங் மேல் வைத்து, ஆக்சிலை அதன் மேல் உட்காரவைத்து, யூ-போல்ட்டை லேசாக முடுக்குங்கள். பிறகு வண்டியின் முழு எடையும் ஆக்சில் மேல் இறங்க வேண்டும். பாடியை ஜாக்கியில் தூக்கி வைத்து, ஆக்சில் தொங்கும் நிலையில் கோணம் பார்த்தால் அத்தனையும் தப்பாகிவிடும். ஃபெண்டர் விளிம்பிலிருந்து வீல் நடு வரை இடம், வலம் அளந்து சமமாக்குங்கள். முன் வீல் நடுவிலிருந்து பின் வீல் நடு வரையும் இரண்டு பக்கமும் அளங்கள்.

இப்போது கோணம். கியர் பாக்ஸின் வால் 3 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், பினியனின் மூக்கு 3 டிகிரி மேல்நோக்கி இருப்பதுதான் ஓட்டத்தில் சரியான நிலை. இரண்டும் இணையாக இருந்தால் யூனிவர்சல் ஜாயின்ட் அதிராது. ஆனால் லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும், பினியன் மூக்கு மேலே எழும். அதற்கு இடம் விட்டு, நிற்கும்போது ஒன்று, இரண்டு டிகிரி குறைத்தே வையுங்கள். இந்த உதாரணத்தில் 3-க்குப் பதில் 1 அல்லது 2 டிகிரி மேலே.

சரியென்று தெரிந்ததும் நாலு இடத்தில் சின்னப் புள்ளி வெல்ட் (டேக்) வைத்து, மறுபடி அளந்து, ஆக்சிலை வெளியே எடுத்து முழு வெல்டிங் செய்யுங்கள். ஒரு இன்ச் வெல்ட், ஆற விட்டு மறுபக்கம் ஒரு இன்ச் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். ஒரே மூச்சில் சூடேற்றினால் ட்யூப் வளைந்துவிடும். டிஃபரன்ஷியல் உள்ளே இருந்தால் வெல்டிங் மெஷினின் எர்த்தை வெல்ட் செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கரண்ட் பேரிங் வழியாகப் போனால் அதன் உருளைகளில் புள்ளி விழும்.

ட்யூபையும் நடு ஹவுசிங்கையும் சேர்த்து வெல்ட் செய்ய வேண்டுமா?

8.8-ல் நடுப்பகுதி வார்ப்பிரும்பு, ட்யூப் எஃகு. ட்யூபை உள்ளே அழுத்திச் செருகி, சில துளைகளில் மட்டும் வெல்ட் வைத்திருப்பார்கள். நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளப்பி, கடுமையான லாஞ்ச் அடித்தால் ட்யூப் அதற்குள்ளேயே சுற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பந்தயத்துக்கு ஓட்டினால் வெல்ட் செய்யுங்கள், ரோட்டுக்கு மட்டும் என்றால் அவசியமில்லை. செய்தால், வார்ப்பிரும்பு வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். முன்கூட்டிச் சூடாக்கி, நிக்கல் ராட் கொண்டு, மெதுவாக ஆறவிட்டுச் செய்கிற வேலை அது.

புரொப்பல்லர் ஷாஃப்ட் பழையதே சேருமா?

சேராது. 8.8-ல் முன்னால் இருப்பது நான்கு போல்ட் கொண்ட வட்டமான ஃபிளாஞ்ச். அதற்கு அடாப்டரோ, இரண்டு அளவையும் இணைக்கும் யூனிவர்சல் ஜாயின்ட்டோ வேண்டும். நீளமும் மாறும். ஆக்சில் இறுதியாக உட்கார்ந்த பிறகு, வண்டி சக்கரத்தில் நிற்கும்போது அளந்து, கியர் பாக்ஸுக்குள் நழுவும் முன் முனையான ஸ்லிப் யோக் உள்ளே போய்வர முக்கால் முதல் ஒரு இன்ச் இடம் விட்டு, வெட்டி பேலன்ஸ் செய்யக் கொடுங்கள்.

பின்னால் டிஸ்க் வருகிறது. பிரேக்கில் வேறு என்ன மாற்ற வேண்டும்?

முன்னால் இன்னும் டிரம் இருந்தால் பின் டிஸ்க்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் முன்னால் டிஸ்க் போடுங்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும், பின் டயருக்குப் பிடிமானம் குறையும். அந்த நேரத்தில் பின் பிரேக் முந்திக்கொண்டு பிடித்தால் வண்டி பின்பக்கமாகச் சுழன்றுவிடும். மழை ரோட்டில் இது உயிர்ப் பிரச்சினை.

1965, 66 மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு வீலிலும் பிரேக் போய்விடும். 1967-லிருந்துதான் இரட்டைச் சுற்று வந்தது. பழைய வண்டிக்கு ஆக்சில் மாற்றும் இதே சாக்கில் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போட்டுவிடுங்கள். இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் கொஞ்சம் அழுத்தம் நிற்கும்படி ஒரு வால்வு இருக்கும். அதை வைத்துக்கொண்டு டிஸ்க் போட்டால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், டிஸ்க் கொதிக்கும். அந்த வால்வை எடுத்துவிட வேண்டும். பின் லைனில், பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும், அட்ஜஸ்ட் செய்யக்கூடிய புரொபோர்ஷனிங் வால்வு வைத்து, ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் தொடங்கிச் சோதித்து, முன் வீல் முதலில் பூட்டும்படி திருப்பி வையுங்கள்.

ஹேண்ட் பிரேக், டிஸ்க்கின் நடுக்கிண்ணத்துக்குள் ஒரு சின்ன டிரம்மாக இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரின் கேபிளையும் சேர்த்தே யார்டிலிருந்து எடுத்து வந்தால், மஸ்டாங்கின் ஈக்வலைசரோடு இணைப்பது சுலபம். ஹவுசிங் மேல் இருக்கும் ஏபிஎஸ் சென்சார் துளையை நல்ல பிளக் போட்டு அடையுங்கள். காற்றுக் குழாயை மட்டும் அடைக்கக் கூடாது, அடைத்தால் சூட்டில் அழுத்தம் ஏறி சீல் வழியாக எண்ணெய் வரும்.

பழைய வீல் மாட்டுமா?

போல்ட் வட்டம் சேரும். ஆனால் எக்ஸ்ப்ளோரர் ஷாஃப்டின் நடு மேடு பெரியது, சில பழைய வீலின் நடு ஓட்டை அதில் ஏறாது. 14 இன்ச் வீல் காலிப்பரில் இடிக்கலாம். வாங்குவதற்கு முன் ஒரு வீலை எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். நான்கு போல்ட் ஆறு சிலிண்டர் வண்டியானால் முன் ஹப்பையும் ஐந்து போல்ட்டுக்கு மாற்றியாக வேண்டும்.

எந்த ரேஷியோ நல்லது?

கியர் பாக்ஸைச் சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. 25 இன்ச் டயர், மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டி5-ன் ஐந்தாவது கியர் 0.68. ஆக்சில் 3.55 என்றால் இன்ஜின் 2,100 ஆர்பிஎம்-ல் நிம்மதியாக ஓடும். 3.73 என்றால் 2,200. 4.10 போட்டாலும் 2,450-க்குள்தான். அதே 3.55-ஐ ஓவர்டிரைவ் (1-க்குக் குறைவான ரேஷியோ உள்ள கடைசி கியர்) இல்லாத சி4 ஆட்டோமேட்டிக்கோடு போட்டால் 3,100. இரண்டு மணி நேரம் ஹைவேயில் அந்த இரைச்சலைக் கேட்டால் ஏன் போட்டோம் என்று ஆகிவிடும்.

டி5 உள்ளவர்கள் 3.55 அல்லது 3.73 எடுங்கள். சி4 வைத்திருப்பவர்கள் எக்ஸ்ப்ளோரரில் கிடைக்கும் 3.27-ஐத் தேடுங்கள். 4.10-ஐ ஃபர்ஸ்ட் கியர் 3.35 உள்ள பாக்ஸோடு சேர்க்க நான் சொல்ல மாட்டேன். சிக்னலில் கிளம்பி ரோட்டைத் தாண்டுவதற்குள் செகண்ட் போட வேண்டியிருக்கும்.

லிமிடெட் ஸ்லிப்புக்கு என்ன எண்ணெய்?

எக்ஸ்ப்ளோரரில் வருவது டிராக்‌ஷன்-லாக், உள்ளே கிளட்ச் தகடுகள். பழைய ஆக்சிலில் அவை தேய்ந்தே இருக்கும், வெளியில் இருக்கும்போதே புது தகடு செட் போட்டுவிடுங்கள். 75டபிள்யூ-140 கியர் ஆயிலோடு ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் கட்டாயம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் திருப்பத்தில் பின்னால் கடகடவென்று அதிரும்.

கிரவுன்-பினியனை நானே மாற்றலாமா?

யார்டிலிருந்து வந்த ரேஷியோவே போதுமென்றால் அதைத் தொடாதீர்கள். ஒன்றோடொன்று ஓடிப் பழகிய பல் அது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் டயல் கேஜ், பேரிங் புல்லர், இன்ச்-பவுண்ட் டார்க் ரெஞ்ச், பல தடிமனில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) எல்லாம் கையில் இருக்க வேண்டும். இரண்டு பல்லுக்கும் நடுவில் ப்ளே 0.008 முதல் 0.015 இன்ச்சுக்குள் வர வேண்டும். பல்லில் மஞ்சள் பேஸ்ட்டைத் தடவி, கிரவுன் வீலைக் கையால் பிடித்துத் தடுத்தபடி சுற்றினால், தொடும் இடத்தில் பேஸ்ட் விலகித் தடம் தெரியும். தடம் பல்லின் உயரத்தில் நடுவில் விழ வேண்டும். பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, அடியில் விழுந்தால் அதிகம் உள்ளே போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஷிம்மை மாற்றி, பேரிங்கை அழுத்தி, மறுபடி பார்க்க வேண்டும். பொறுமை உள்ளவர்கள் கற்றுக்கொள்ளத் தகுந்த வேலை இது. அவசரம் என்றால் பழகிய கையிடம் கொடுங்கள்.

8.8-ல் ஷாஃப்டை 'சி' வடிவச் சின்ன வளையமான சி-கிளிப்தான் பிடித்திருக்கிறதாமே, ஆபத்தில்லையா?

ஷாஃப்ட் உடைந்தால் வீலோடு வெளியே வர வாய்ப்பு உண்டு என்பது உண்மை. 31 ஸ்பிளைன் ஷாஃப்டை ரோட்டு டயரில் உடைப்பது கடினம் என்பதும் உண்மை. கிளிப்பை நீக்கும் கிட் கடையில் கிடைக்கிறது. பந்தய விதி கேட்டால் போடுங்கள். ரோட்டு வண்டியில் அதன் சீல் கசிந்து தொல்லை தரும்.

ஆக்சில் வலுவாகிவிட்டது. அடுத்து எது உடையும்?

அடியை ஆக்சில் தாங்கிவிட்டால் அது முன்னால் போகும். 1990-க்குப் பிந்தைய மஸ்டாங் டி5-க்கே 300 பவுண்ட்-அடிதான் வரம்பு, பெரிய ஸ்ட்ரோக்கர் இன்ஜினுக்கு அது பத்தாது. தேய்ந்து தளர்ந்த லீஃப் ஸ்பிரிங்காக இருந்தால் ஆக்சில் குதிக்கும். அந்தக் குதிப்புதான் பல்லை உடைக்கிற அடி, சும்மா விடாதீர்கள். பழைய மஸ்டாங்கில் முழு நீள சேஸிஸ் கிடையாது. முன் சப்ஃபிரேமும் பின் சப்ஃபிரேமும் நடுவில் இணையாமல், தரைத் தகட்டை நம்பியே நிற்கின்றன. இரண்டையும் இணைக்கும் கனெக்டரை வெல்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள். கதவு இடுக்கு மாறுவதும், மூலையில் பெயின்ட் வெடிப்பதும் அது இல்லாத வண்டிகளில்தான் அதிகம் பார்க்கிறோம்.

எல்லாம் மாட்டிய பிறகு முதல் ஓட்டம் எப்படி?

புதுப் பல் போட்டிருந்தால் முதலில் பதினைந்து, இருபது நிமிடம் நிதானமாக ஓட்டி, முழுக்க ஆறவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. சூடும் குளிரும் மாறி மாறி வந்தால்தான் பல் பதமாகும். முதல் நாளே முழுதாக மிதித்தால் பல்லின் மேல்பரப்பு வெந்து, பிறகு ஊளையிடும். சுமார் 100 மைல் ஓடியதும் யூ-போல்ட் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள், ஸ்பிரிங்கும் சீட்டும் அமுங்கி அவை தளர்ந்திருக்கலாம். 500 மைலில் எண்ணெயை மாற்றுங்கள். வடிகிற எண்ணெயில் மாவு போல மெல்லிய இரும்புத் தூள் இருப்பது இயல்பு. விரலில் நெருடுகிற துண்டு எதாவது வந்தால், வண்டியை ஓட்டாமல் கவரைத் திறந்து பாருங்கள்.